அடுக்களை நடையில் வந்த எல்லை

அம்பாசமுத்திரம் வண்டிமறிச்சம்மன் கோயில் தெருவில், ஆவுடைத்தங்கம் வீட்டுக் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு தேசத்தின் எல்லை வந்து இறங்கியதை முதலில் கண்டவள் ஆவுடைத்தங்கம்தான் என்றாலும், அதை முதலில் தாண்டியவள் பால்காரப் பேச்சியம்மாள். தன் வீட்டு அடுக்களைக்குள் தான் போக முடியாமல், பால் ஊற்ற வந்தவள் போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுக்கிற நிலைமை ஒருத்திக்கு எப்படி வரும் என்று கேட்டால், அதற்குக் கொஞ்சம் பின்னால் போய் வர வேண்டும்.

தங்கம் ஒரு மில் ஆபீசில் டைப் அடித்து ரிட்டயர் ஆனவள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று ஒரு சம்பந்தம் தட்டிப்போயிற்று, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று இன்னொன்று தட்டிப்போயிற்று, அதற்கப்புறம் தட்டிப்போவதற்கு ஒன்றும் வரவில்லை. இரண்டு பேரும் போய்ச்சேர்ந்த பிறகு, தம்பி குற்றாலிங்கம் தாம்பரத்தில் குடும்பத்தோடு இருக்க, இவள் அந்த நீள வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு பாய் என்று இருந்துகொண்டாள். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ நாலு பொம்பளைகள் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போது, விளக்கு வைக்கிற நேரமானால் ஒருத்தி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, "நேரமாச்சு, வீட்டுல தேடுவாவ" என்பாள். உடனே அடுத்தவளும் அதையே சொல்லி எழுவாள், அதற்கடுத்தவளும் எழுவாள், அலுத்துக்கொண்டுதான் எழுவார்கள், ஆனால் அந்த அலுப்பில் ஒரு பெருமை இருக்கும். தங்கத்துக்கு அந்த வார்த்தையைச் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை. கடைசியாக எழுந்து, ஒன்றும் சொல்லாமல், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வருவாள்.

தனியாக இருப்பது கூட அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒரே ஒரு கேள்வி. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கேட்பான், கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் கேட்பார், டாக்டரும் கேட்பார், டீக்கடை வாசலில் பேப்பர் படிக்கிற ஆளுக்குக் கூடத் தலையை நிமிர்த்தி அதைக் கேட்காவிட்டால் பொழுது போகாது: "தனியாவா?" ஆமாம் என்றால் ஐயோ பாவம் என்று ஒரு பார்வை. இல்லை என்றால் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டி ஒரு பார்வை.

இப்படி இருக்கையில், ஒருநாள் செல்போனில் முடக்கத்தான் தோசைக்கு அரைப்பது எப்படி என்று பார்க்கப் போய், அது முடிந்ததும் தானாக ஓடிய அடுத்த படத்தில் ஒரு பஸ் போவதைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு வலது பக்கம் ஒரு ஏரி. ஜன்னலோரம் அவள் வயசுக்காரி ஒருத்தி ஆப்பிளைக் கடித்துக்கொண்டு போகிறாள். கண்டக்டர் வந்தான், சீட்டைக் கொடுத்தான், போய்விட்டான். எதிர் சீட்டில் ஒரு கிழவர் இருந்தார், அவரும் கேட்கவில்லை. ஆப்பிளைத் தின்று முடித்து, கொட்டையைக் கைக்குட்டையில் சுருட்டி வைத்துக்கொண்டு அவள் பாட்டுக்கு ஏரியைப் பார்த்தாள். தங்கம் முடக்கத்தானை மறந்துவிட்டு அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள்.

தேடிப் பார்த்ததில் விவரம் கிடைத்தது. பால்கன் தேசங்கள் என்று ஐரோப்பாவில் ஒரு மூலை. அங்கே ஒரு பெரிய ஏரி. ஏரியின் கிழக்குக் கரையில் ஒரு ஊர், ஓரிட் என்று பெயர். தென்கரையில் இன்னொரு ஊர், பொக்ரதெத்ஸ் என்று வாய்க்குள் நுழையாத பெயர். பொழுது சாய்ந்தால் இந்த ஊர் விளக்கு அந்த ஊருக்குத் தெரியும், அந்த ஊர் விளக்கு இந்த ஊருக்குத் தெரியும், ஆனால் நடுவில் தேசத்தின் எல்லை ஓடுவதால் இரண்டுக்கும் நேர் பஸ் கிடையாது. ஓரிடிலிருந்து மயில்கள் திரிகிற ஒரு மடம் வரைக்கும்தான் பஸ். அங்கே இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கால்நடையாகவே எல்லையைத் தாண்டினால், அந்தப் பக்கம் வேன் நிற்கும். பக்கத்து ஊருக்குப் போவதற்கு இத்தனை பாடா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சிக்குப் போகிறமாதிரிதானே என்று தைரியமும் வந்தது. வெளிநாடு, விமானம் என்று நினைத்தால்தான் பயமாக இருந்தது. பக்கத்து ஊருக்குப் போக யாராவது பயப்படுவார்களா? அதனால் விமானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிட்டு, பக்கத்து ஊருக்கு எப்படிப் போவது என்பதை மட்டும் திட்டம் போட்டாள். பொக்ரதெத்ஸிலிருந்து அதற்குப் பக்கத்து ஊர், அங்கிருந்து அதற்குப் பக்கத்து ஊர். திரும்பி வருவதைப் பற்றி மட்டும் அவள் திட்டம் போடவே இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லுவதற்கு ஆளும் இல்லை.

அவசரத்துக்கும் காரணம் இருந்தது. குற்றாலிங்கம் போனில் சொல்லிவிட்டான். "யக்கா, வீட்ட வாங்க ஆள் பாத்தாச்சு. தை பொறந்ததும் வண்டி கொண்டாரேன். இவளுக்கு முட்டு ஆப்பரேசன், நீ இங்க இருந்தா ஒத்தாசை. பால்கனிய ஒட்டின ரூம் ஒனக்குத்தான்." அந்த ரூமை அவள் பார்த்திருக்கிறாள். வாஷிங் மெஷின் அங்கேதான் இருக்கிறது. தை பிறப்பதற்குள் கிளம்பாவிட்டால் ஆயுசுக்கும் கிளம்ப மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

செல்போனில் வழி பார்க்கக் கண் கூசியதால், கூடத்துத் தரையிலேயே எல்லாவற்றையும் பரப்பினாள். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தாள், அது ஏரி. ஒரு செம்பை வைத்தாள், அது ஓரிட். சட்டி மூடியைக் கவிழ்த்தாள், அது மடம். பக்கத்தில் இரண்டு கொட்டைப்பாக்கு, அவை மயில்கள். செம்பிலிருந்து தாம்பாளத்தை ஒட்டிச் சட்டி மூடிக்கும், அங்கிருந்து அடுக்களை வாசல்படியான நடைக்கும், நடையைத் தாண்டி அடுக்களைக்குள்ளும் பாதையைக் கோலமாக இழுத்தாள். எல்லைக்கு அடையாளமாக நடையின் குறுக்கே பட்டையாக ஒரு கோடும் போட்டாள். இங்கேதான் தப்பு நடந்தது. கோலப்பொடி தீர்ந்துபோயிருந்ததால், அன்று வெள்ளிக்கிழமை சாமி முன்னால் மாக்கோலம் போட்டு மீந்த அரைத்த மாவைத் தொட்டு இழுத்துவிட்டாள். பொடியில் போட்டது காலையில் வாரியல் பட்டால் போய்விடும். அரைத்த மாவில் போட்டது தரையைக் கடித்துக்கொள்ளும். நல்ல நாளுக்கு, வந்த லட்சுமி வெளியே போகாமல் இருக்கட்டும் என்று போடுகிற கோலத்தில், வெளியே போகிற வழியைப் போட்டுவிட்டு அவள் படுத்துத் தூங்கிவிட்டாள்.

விடிந்து காப்பி போட எழுந்து போனால், அடுக்களை நடையின் குறுக்கே சிவப்பும் வெள்ளையும் அடித்த ஒரு கம்பு கிடையாக நின்றது. ஓரமாக ஒரு சின்னக் கூண்டு. கூண்டுக்குள் நீலச் சட்டை போட்ட, மீசை வைத்த ஒரு ஆபீசர். அவருக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற அங்கணத்துக்கு மேலே இருந்த ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. தென்னை மரமும் அடுத்த வீட்டுச் சுவரும் தெரிய வேண்டிய இடத்தில் ஏரி தெரிந்தது. தங்கம் தலையை முடிந்துகொண்டு, இந்தப் பயணத்துக்கென்று வாங்கி பீரோவில் வைத்திருந்த பாஸ்போர்ட்டை எடுத்து வந்து நீட்டினாள். அவர் புரட்டிப் பார்த்தார். அவர் பேசியது எந்த பாஷை என்று யாரும் பின்னால் கூட விசாரிக்கவில்லை, கேட்டது விளங்கியது, அவ்வளவுதான்.

"யாரிடம் சொல்லிவிட்டு வந்தீர்கள்?"

தங்கம் விழித்தாள். படுக்கையிலிருந்து அடுக்களைக்கு வர யாரிடம் சொல்ல? அவர் மரியாதையாகப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், கம்பு அசையவில்லை.

அந்நேரம்தான் பேச்சியம்மாள் பால் தூக்கோடு வந்தாள். கம்பைப் பார்த்தாள், ஆபீசரைப் பார்த்தாள், அவர் கேட்டதற்கு, "எங்க வீட்டு ஆளுட்ட சொல்லிட்டு வாரேன், மாமியாட்ட சொல்லிட்டு வாரேன், மாட்டுட்டயும் சொல்லிட்டுத்தான் வாரேன்" என்றாள். பாஸ்போர்ட் இல்லாததால் புறங்கையில் முத்திரை குத்தினார், கம்பு தூக்கிக்கொண்டது. பேச்சியம்மாள் உள்ளே போய்ப் பாலைக் காய்ச்சி, காப்பியோடு திரும்பி வந்து, "யக்கா, பின்னால குளம் பெருகிக் கெடக்கு, அக்கரையே தெரியல" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் பால் ஊற்றப் போனாள்.

தெரு அதை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். வண்டிமறிச்சம்மன் குடியிருக்கிற தெரு அது. போகிற வண்டியை மறித்து நிறுத்தி, கும்பிட்டவனை விடுகிற தெய்வம் கோயிலில் படுத்திருக்கும்போது, போகிற ஆளை மறித்துக் கேள்வி கேட்கிற கம்பு ஒன்று வந்ததில் என்ன அதிசயம் என்று தெருவுக்குத் தோன்றியது. செவ்வாய்க்கிழமைக்குள் கம்பில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார்கள், எலுமிச்சம்பழம் குத்திவிட்டார்கள். ஆபீசரின் சட்டையில் ட்ராயான் என்று பெயர் இருந்தது. தெரு அதை இரண்டு நாள் வாயில் போட்டு உருட்டிப் பார்த்துவிட்டு, திரவியம் என்று வைத்துக்கொண்டது. திரவியத்துக்கு இன்ன வீட்டில் இட்லி, இன்ன வீட்டில் சொதி என்று முறை வைத்துக் கொடுத்தார்கள். மடத்து மயில்கள் கூடத்தில் நடந்தன. முருகன் அனுப்பினது என்று அரிசி போட்டார்கள். பெண்கள் துணி மூட்டையோடு வந்து, புருசனிடம் சொல்லிவிட்டு வந்தேன், மகளிடம் சொல்லிவிட்டு வந்தேன் என்று முத்திரை வாங்கிக்கொண்டு, அடுக்களைப் பின்வாசல் வழியாக இறங்கி ஏரியில் துவைத்தார்கள். ஆண்கள் தூண்டில் கொண்டுவந்தார்கள். பிடித்த மீனைத் தங்கத்தின் அடுப்பிலேயே வறுத்தபோது, சைவ வீடாச்சே என்று ஒருவர் இழுத்ததற்கு, "கம்புக்கு அங்கிட்டு வேற தேசம், அங்க அவுங்க சட்டம்" என்று கோயில் ஓதுவாரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வருஷக்கணக்காக ஆள் அரவம் இல்லாத வீட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கூட்டம். தங்கம் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு அடுக்களையில் சிரிப்புச் சத்தம் கேட்டது, யார் எதற்குச் சிரித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு வேண்டிய சாப்பாட்டைக் கம்புக்கு அடியில் தட்டைத் தள்ளிக் கொடுத்தார்கள். விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் ஒருத்தி ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நேரமாச்சு, வீட்டுல தேடுவாவ" என்பாள். அப்புறம் அத்தனை பேரும் அதைச் சொல்லிக்கொண்டே வெளியேறுவார்கள், வீடு மறுபடியும் பழைய வீடாகிவிடும். ஆள் இல்லாத வீட்டில் தனியாக இருந்ததைவிட, இத்தனை பேர் வந்துபோன வீட்டில் தனியாக இருப்பது அவளுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. தான் ஆசைப்பட்டு இழுத்த கோட்டை ஊரே தாண்டுகிறது, தான் மட்டும் தாண்ட முடியவில்லை என்று ஒருநாள் தூணில் முகத்தை வைத்து அழுதாள். திரவியம் கூண்டுக்குள் திரும்பி நின்றுகொண்டார்.

அவள் சும்மா இருக்கவும் இல்லை. குளித்து, அம்மா படத்துக்கு முன்னால் நின்று, "போயிட்டு வாரேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தாள். திரவியம் கேட்டார், "பதில் சொன்னார்களா?" இல்லை என்றாள். தம்பிக்குப் போன் போட்டு, "நான் ஒரு எடத்துக்குப் போயிட்டு வாரேன்" என்றாள். "எங்க? தனியாவா? வயசான காலத்துல பேசாம கெட யக்கா" என்றான் அவன். அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று திரவியம் சொல்லிவிட்டார். அவள் படுகிற பாட்டைப் பார்த்துப் பேச்சியம்மாள், "எங்கிட்ட சொல்லுங்க யக்கா, போயிட்டு வாங்கன்னு நாஞ் சொல்லுதேன், வாய்க்குச் சேதமா?" என்று முன்வந்தாள். தங்கம் சொன்னாள், அவளும் பதில் சொன்னாள். திரவியம் பேச்சியம்மாளைப் பார்த்துக் கேட்டார், "இவர் திரும்பி வராவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

பேச்சியம்மாள் பொய் சொல்லத் தெரியாதவள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பால நிப்பாட்டிருவேன்" என்றாள்.

கம்பு தூக்கிக்கொள்ளவில்லை. தங்கம் பேச்சியம்மாளைக் குறை சொல்லவும் இல்லை, அவள் சொன்னதுதானே நிசம் என்று தூணடிக்கே போய்விட்டாள்.

இத்தனை நடந்தும் அந்த வீட்டு வாசலை மிதிக்காத ஒரே ஆள் அடுத்த வீட்டுச் செண்பகவடிவுதான். ஒரே சுவர், சுவருக்கு இந்தப்பக்கம் இவள், அந்தப்பக்கம் அவள். புருசன் போய், மக்கள் வெளியூர் போய், அவளும் ஒத்தையாகத்தான் இருந்தாள். ஆனால் வாய் மட்டும் ஒரு வீடு நிறைய ஆள் இருக்கிறமாதிரி பேசும். ஒரு காலத்தில் தங்கத்துக்கும் அவளுக்கும் ரொம்ப ஒட்டுதல், முறை வைத்து மைனி மைனி என்று சுவரில் சாய்ந்து நின்றால் சோறு பொங்கி வழிவது கூடத் தெரியாது. பிறகு ஒருநாள் தங்கம் பேச்சை விட்டுவிட்டாள். ஏன் என்று செண்பகவடிவுக்கு இன்றுவரை தெரியாது, வீம்புக்காரி, அவளும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, செண்பகவடிவு முற்றத்தில் காயப்போட்டிருந்த பச்சரிசியை மடத்து மயில் சுவரேறிக் குதித்துத் தின்றுவிட்டது. அவள் வாரியலைக் கையில் எடுத்துக்கொண்டு, மயிலை விரட்டியவாறே, வீம்பையும் மறந்து இந்த வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிட்டாள். துவைக்கிறவர்கள் எல்லாரும் ஏரிப்பக்கம் இருந்தார்கள். தங்கம் தூணடியில் இருந்தாள். வந்தவர்கள் அத்தனை பேரும் அடுக்களையையும் கம்பையும் பார்த்தார்கள், தரையை யாரும் பார்க்கவில்லை; செண்பகவடிவு வாசலில் கோலம் போட்டே முதுகு வளைந்தவள், அவள் தரையைத்தான் பார்த்தாள்.

"இது யாரு போட்டது?"

"நாந்தான்."

செண்பகவடிவு முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள். செம்பிலிருந்து விரலை வைத்து, இழையோடு நகர்த்திக்கொண்டே போனாள். தாம்பாளத்தை ஒட்டி, சட்டி மூடியைச் சுற்றி, நடைக்கு, நடைக்கு உள்ளே. விரல் அங்கே நின்றுவிட்டது.

"உள்ள போயிருக்கு. வெளிய வரக் காணுமே."

"அது கோலம் இல்ல மைனி. வழி."

"வழின்னாலுந்தான். மூடாத கோலத்த யாராவது வீட்டுக்குள்ள போடுவாளா? போன இழை வந்து சேராண்டாமா?"

"வந்து?" என்றாள் தங்கம்.

ஒரே ஒரு சொல்தான் சொன்னாள். செண்பகவடிவு கையிலிருந்த வாரியலைக் கீழே வைத்தாள். அந்தச் சொல்லுக்குள் என்ன கிடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும், அவளும் ராத்திரிக்கு ஒரு தம்ளர் அரிசி போடுகிறவள்தானே. "எங்கிட்ட ஏன் பேச்ச விட்டே? போறதுன்னா அதையாவது சொல்லிட்டுப் போ" என்றாள்.

"ஓதுவார் மக கல்யாணத்துல, மண்டபத்து வாசல்ல வச்சு, அத்தன பேருக்கு நடுவுல கேட்டிய. தனியாவா வந்தேன்னு."

"ஆமா, கேட்டேன்."

"எல்லாரும் கேக்கதத்தான் நீங்களும் கேட்டிய. ஆனா நீங்க கேப்பியன்னு நா நெனக்கல மைனி."

செண்பகவடிவு அவளையே பார்த்தாள். "கூறுகெட்டவளே," என்றாள். "தனியா வந்திருந்தா எம்பக்கத்துல ஒக்கார வச்சுக்கலாம்னுதானே கேட்டேன். நானும் அன்னைக்குத் தனியாத்தானே வந்திருந்தேன். பந்தியில ஒனக்கு எடம் பிடிச்சு, இலையில தண்ணி தெளிச்சு, ஆள் வருது ஆள் வருதுன்னு பரிமாறுதவங்களத் தள்ளி விட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். வரல. சாப்பாட்ட அப்படியே வச்சுட்டு எழுந்திரிச்சு மண்டபம் முழுக்க ஒன்னத் தேடினேன். நீ வீட்டுக்குப் போயிட்டியாம்."

தங்கத்தைத் தேடினார்கள் என்ற சேதி ஒரு சுவரைத் தாண்டி வர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அத்தனை வருஷத்தையும் நினைத்து அவள் அழுதாள், செண்பகவடிவும் அழுதாள், ஒருத்தியை ஒருத்தி தேற்றவில்லை. மயில் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து போயிற்று.

பிறகு செண்பகவடிவு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். தன் வீட்டுக்குப் போய், பொங்கலுக்கு அரைத்து வைத்திருந்த மாவைக் கிண்ணத்தோடு எடுத்து வந்தாள். கம்புக்குக் கீழே கையை நீட்டினாள், திரவியம் பார்த்தும் பார்க்காதவராக இருந்தார். இழை நின்றுபோன இடத்தில் விரலை வைத்து, "இதுக்கு அடுத்தாப்புல எந்த வழி?" என்று கேட்டாள்.

"மேற்குக் கரையோட வடக்க போனா இன்னொரு எல்லை வரும். அதத் தாண்டிக் கிழக்க திரும்பினா மறுபடியும் ஓரிட்."

"அப்போ குளத்தச் சுத்தி வலம் வந்தமாதிரி ஆச்சுல்லா. நல்லதுதான்." அவள் இழையை நடைக்கு இந்தப்பக்கம் கொண்டுவந்து, தாம்பாளத்தின் மேற்கே போட்டு, வடக்கே வளைத்து, செம்பில் கொண்டு சேர்த்தாள். ஆனால் அங்கே நிறுத்தவில்லை. செம்பிலிருந்து இழுத்துக்கொண்டே கூடத்தைத் தாண்டினாள், வாசல்படியில் இறங்கினாள், குனிந்த முதுகு நிமிராமல் தெருவில் நடந்து, தன் வீட்டுப் படியேறி, தன் வாசல் கோலத்தில் கொண்டு முடிந்தாள். திரும்பி வந்து, மாவுக்கையை முந்தானையில் துடைத்தாள்.

"ஒந் தம்பி இந்த வீட்ட யாருக்கு வேணா குடுக்கட்டும். நீ வந்து சேர வேண்டியது அங்க. விளங்குதா?"

தங்கம் முகத்தைக் கழுவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பையை எடுத்தாள்.

"போயிட்டு வாரேன் மைனி."

"போயிட்டு வா."

திரவியம் பாஸ்போர்ட்டை வாங்கினார். யாரிடம் சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று கேட்டார். செண்பகவடிவுட்ட என்றாள். அவர் செண்பகவடிவைப் பார்த்தார். "இவர் திரும்பி வராவிட்டால்?"

"நானே தேடிக்கிட்டு வருவேன்," என்றாள் செண்பகவடிவு, தரையில் கிடந்த வாரியலை எடுத்துக்கொண்டு. "அன்னைக்கு ஒன் கம்பு என்ன செய்யும்னு பாக்கேன்."

கம்பு தூக்கிக்கொண்டது. தங்கம் தன் அடுக்களைக்குள் போனாள். அடுப்பு மேடையில் யாரோ கழுவாமல் போட்டிருந்த கரண்டியைக் கழுவி வைத்தாள். பின்வாசலில் இறங்கினால் ஏரியோரமாகச் சாலை. சாலையில் ஒரு வேன் நின்றது. வலது பக்கம் ஜன்னலோர சீட் அவளுக்கு என்றே வைத்ததைப் போலக் காலியாக இருந்தது. ஏரி கூடவே வந்தது. பையில் ஆப்பிள் இருந்தது. டிரைவர் கேட்கவில்லை, முன்னால் இருந்த கிழவர் கேட்கவில்லை, பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வந்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை காலம் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தது. ஆப்பிளில் பாதியைத் தின்றாள், மீதியைத் தின்ன முடியவில்லை. ஏரி அழகாக இருந்தது; பார்த்தியா என்று சொல்லப் பக்கத்தில் திரும்பினால் அங்கே அவள் பைதான் இருந்தது.

பொக்ரதெத்ஸில் பொழுது இறங்கும்போது ஊரே கரைக்கு வந்து நடக்கும் என்று அவள் படித்திருக்கிறாள். அப்படியே நடந்தார்கள். புருசனும் பெண்டாட்டியும், அக்காளும் தங்கச்சியும், கைகோத்த சிநேகிதர்களும், ஏரிக்கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினார்கள். தங்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரத்தில் ஒரு வேன்காரன், அடுத்த பெரிய ஊரான திரானாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பக்கத்தில், ஏரியை வடக்கே சுற்றிப் போகிற சின்ன வேன் ஒன்று, கூப்பிடாமல் நின்றது. திரானாவுக்கு அப்பால் இன்னொரு ஊர் இருக்கிறது, அதற்கப்பால் இன்னொன்று. பக்கத்து ஊர்களுக்கு முடிவே கிடையாது. இந்த வேனில் ஏறிவிட்டால் போதும், இனி எந்த ஊரிலும் யாருக்கும் அவளைத் தெரியாது.

கறுப்பு உடுத்த ஒரு அம்மாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். காகிதப் பொட்டலத்திலிருந்து வறுத்த சூரியகாந்தி விதையை எடுத்து உடைத்துத் தின்றாள், தங்கத்தின் உள்ளங்கையிலும் கொஞ்சம் கொட்டினாள். இருவரும் ஏரியைப் பார்த்துக்கொண்டே தின்றார்கள். பிறகு அந்த அம்மாள் தங்கத்தைத் திரும்பிப் பார்த்து, ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். எந்த ஊரானால் என்ன, அந்தக் கேள்வி விளங்காதா? தங்கத்துக்கு இந்தத் தடவை வலிக்கவில்லை. ஆமாம் என்று தலையசைத்தாள். அந்த அம்மாள் தானும் ஒற்றை விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, மறுபடியும் விதையைக் கொட்டினாள்.

எதிர்க்கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. திரானா வேன்காரன் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். தங்கம் மடியில் கிடந்த தோலைத் தட்டினாள். முந்தானையை உதறினாள். எழுந்து நின்று, வடக்கே சுற்றிப் போகிற வேனைக் கையால் காட்டி, அந்த அம்மாளிடம் தமிழிலேயே சொன்னாள், கொஞ்சம் அலுத்துக்கொள்கிற குரலில்தான் சொன்னாள்:

"நேரமாச்சு. வீட்டுல தேடுவாவ."